மூன்றாம் அறைக்குப் பிறகு

கணபதி, கோவை
11.6.1995

அன்புத் தம்பி வெள்ளியங்கிரிக்கு,

அக்கா புவனா எழுதறேன். நானும் இவரும் நல்ல சுகம். நீயும் மாசாணியும் எப்படி இருக்கீங்க? அம்மாவுக்கு முட்டி வலின்னு சொன்னியே, இப்போ நடக்க முடியுதா?

ஆறு வருசம் கழிச்சு உன்னைப் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் பார்த்தப்ப உன் கையைத்தான் பிடிச்சுக்கிட்டேன். நீயும் பஸ் கிளம்பிருச்சுன்னு ஓடிட்ட. என் விலாசத்தை வாங்கிச் சட்டைப் பையில் வெச்சதோடு சரி, நீ எழுதப் போறதில்லைன்னுதான் நெனச்சேன். நீ எழுதினதை இவர்கிட்ட படிச்சுக் காட்டினேன். ஜெரோமுக்கு ரொம்ப சந்தோசம். "உங்க ஊட்ல இருந்து ஒரு கடிதம் வந்துருச்சு பார்"னு நாள் முழுக்கச் சொல்லிட்டிருந்தார்.

ரேடியோ ரிப்பேர்க் கடை எப்பவும் போல நடக்குது. புதுசா ஒரு வேலை வந்திருக்கு, அதைச் சொல்லணும். அவினாசி ரோட்டில் பழைய மில்காரர் பங்களா ஒண்ணை அந்தக் குடும்பத்து அழகிரிசாமி அருங்காட்சியகமா மாத்தறார். பஞ்சு, நூல், மில்லு இதோட கதைதான். அஞ்சு அறை, பின்னால ஒரு தோட்டம். அவர் லண்டன் போனப்ப ஒரு மியூசியத்தில் ஆளுக்கொரு வாக்மேனைக் கழுத்தில் மாட்டி விட்டாங்களாம். இடது பக்கம் பாருங்க, இது இன்னதுன்னு ஒரு குரல் காதில் சொல்லிக்கிட்டே கூட வருமாம். சொல்லி முடிச்சதும் மணி அடிக்கும். நிறுத்திட்டு அடுத்த இடத்துக்கு நடந்து போய், மறுபடி பொத்தானை அமுக்கணும். அதே மாதிரி இங்கேயும் வேணும்னு இவரைக் கேட்டிருக்கார்.

ஒலிப்பதிவு இவர் பொறுப்பு. எழுதறதும் பேசறதும் நான். காலேஜ் பேச்சுப் போட்டிக்கு அப்புறம் மைக்கைப் பிடிச்சதே இல்லை, பயமாத்தான் இருக்கு.

மழை உண்டா அங்கே? எழுது.

உன் அக்கா
புவனா


ஆனைமலை
28.6.1995

அன்பான அக்காவுக்கு,

வெள்ளியங்கிரி எழுதறதுங்க. நாங்க எல்லாம் சௌக்கியம். நீங்களும் வீட்டில் அவரும் உடம்பைப் பார்த்துக்குங்க. அம்மாவுக்கு முட்டி தேவலைங்க. இப்போ கண்ணுதான் மங்கலா இருக்குதுங்கறாங்க.

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இனிமே கடிதத்தை ஊட்டு விலாசத்துக்குப் போட வேண்டாமுங்க. என் கூடப் படிச்ச ரசாக் இங்கே உரக்கடை வெச்சிருக்கான். அவன் கடைக்குப் போடுங்க. போன கடிதத்தைப் போஸ்ட்மேன் அம்மா கையிலேயே குடுத்துட்டார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதது நல்லதாப் போச்சு. "கோயமுத்தூர்ல இருந்து யாரு?"ன்னாங்க. உரக் கம்பெனின்னு சொல்லிப்போட்டேன். கொஞ்ச நேரம் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுக் குடுத்துட்டாங்க.

உங்களுக்குத் தெரியாததில்லைங்க. நீங்க கட்டிக்கிட்டவரோட அப்பா யார் தோட்டத்துலயோ கூலிக்குப் போனவர்ங்கறதை அம்மாவால இன்னும் முழுங்க முடியலை. உங்க பேரை எடுத்தாலே எந்திரிச்சு உள்ளே போயிர்றாங்க.

காதில் பேசற டேப் பற்றி ரசாக்கிட்ட சொன்னேன். நம்பவே மாட்டேங்கறான். முடிஞ்சதும் நான் வந்து கேட்பனுங்க.

தென்னைக்குத் தண்ணி பத்தலை. மத்தபடி குறை ஒண்ணுமில்லை.

தம்பி
வெள்ளியங்கிரி


கணபதி
24.9.1995

அன்புத் தம்பிக்கு,

நாங்க ரெண்டு பேரும் சுகமா இருக்கோம். இவருக்கு மட்டும் கொஞ்சம் இருமல். மாசாணிக்கு மசக்கைன்னு எழுதியிருந்தியே, அவளை வெயில்ல நடக்க விடாதே.

பதில் எழுத நாளாயிருச்சு. மூணு அறை முடிஞ்சுது. இங்கே பதிவு பண்றது எவ்வளவு கஷ்டம்னு வந்து பார்த்தாத்தான் தெரியும். எங்க தெருவில் ஊட்டுக்கு ஊடு லேத் பட்டறை. காலையில் ஆரம்பிச்சா ஓயறதில்லை. சன்னலுக்கு மெத்தையை நிறுத்தி, கதவுக்குப் போர்வையைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். அப்பவும் இரும்பு கடையற சத்தம் உள்ளே வந்துருது. கடைசியில் இவர்தான் வழி கண்டுபிடிச்சார். கரண்ட் போச்சுன்னா எல்லா லேத்தும் ஒரே நேரத்தில் நின்னு போகுமில்ல? பேட்டரியில் ஓடற ரெக்கார்டரை இரவல் வாங்கிட்டு வந்துட்டார். இப்போ கரண்ட் போனா தெருவே மின்சார வாரியத்தைத் திட்டுது, நாங்க ரெண்டு பேரும் ஓடிப் போய் உக்காந்துக்கறோம். சமைச்சிட்டிருந்தா அடுப்பை அணைச்சுட்டு ஓடறேன்.

முதல்ல நான் மேடையில் பேசற மாதிரி பேசினேன். இவர் நிறுத்திட்டார். "இது காதுக்குள்ள போறது புவனா. கேக்கறவங்க ஒருத்தர்தான். என்னைப் பார்த்துச் சொல்லு, போதும்"னார். எதிரே ஸ்டூலைப் போட்டு ஹெட்போனோட உக்காந்துக்குவார். பருத்தியில் இருந்து கொட்டை எடுக்கற மிசினைப் பற்றி அவருக்குச் சொல்ற மாதிரி சொன்னேன். நல்லா இருந்தா தலையை ஆட்டுவார். நல்லா இல்லைன்னா மூக்கைச் சொறிவார். மூக்கைப் பார்த்தே நான் நிறுத்திருவேன்.

இன்னும் ரெண்டு அறையும் தோட்டமும் பாக்கி. தை மாசம் திறக்கணுங்கறார் அழகிரிசாமி.

அம்மா கண்ணை டாக்டர்கிட்ட காட்டு. தள்ளிப் போடாதே.

அக்கா
புவனா


ஆனைமலை
26.11.1995

அன்பான அக்காவுக்கு,

உங்க உடம்புக்கு ஒண்ணுமில்லையேங்க? அவருக்கு இருமல் நின்னுதுங்களா?

தீபாவளிக்கு எழுதினேன், அதுக்கு முன்னால ஒண்ணு எழுதினேன். ரெண்டுக்கும் பதிலைக் காணோம். ரசாக் கடைக்குத் தினமும் போய்க் கேட்கறேன். "வந்தா நானே கொண்டாந்து தர மாட்டனா?"ங்கறான். முன்னே நான் ஊட்டு விலாசத்துக்கு எழுத வேண்டாம்னு சொன்னதில் வருத்தமோன்னு தோணுது. அப்படின்னா மன்னிச்சுக்கோங்க.

மாசாணி அவங்கம்மா ஊட்டுக்குப் போயிருக்கா. நானும் அம்மாவும்தான் இருக்கோம். ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உக்காந்து சோறு தின்னுட்டுப் படுக்கறதுதான். ஒரு வரி போடுங்க, போதும்.

வெள்ளியங்கிரி


கணபதி
17.12.1995

அன்புத் தம்பிக்கு,

நான் நல்லா இருக்கேன். உன்மேல வருத்தம் எதுவும் இல்லை. வேலை அதிகம், அதுதான்.

நாலாவது, அஞ்சாவது அறையும் தோட்டமும் முடிஞ்சுது. ரெக்கார்டரை நானே ஓட்டக் கத்துக்கிட்டேன். பேசறப்ப அளவு முள் சிவப்புக்குப் போகாமப் பார்த்துக்கணும், அவ்வளவுதான். தப்பான இடத்தை பிளேடால் வெட்டி ஒட்டறதும் வந்துருச்சு. மில்லுச் சங்கு ஊதற சத்தம் வேணும்னாங்க. காலை ஷிப்ட் மாறும்போது நானே போய் மில் வாசலில் நின்னு பிடிச்சுட்டு வந்தேன். சைக்கிள் மணியும் ஆளுங்க பேச்சும் சேர்ந்து நல்லா விழுந்திருக்கு.

மாசாணிக்கு முருங்கைக் கீரை கொடுக்கச் சொல்லு. அம்மா கண் என்ன ஆச்சு?

புவனா


ஆனைமலை
18.1.1996

அன்பான அக்காவுக்கு,

பொங்கல் நல்லா நடந்துதுங்களா? இங்கே எல்லாரும் நலம்.

உங்க கடிதத்தைப் பல தரம் படிச்சேன். எப்பவும் "நாங்க ரெண்டு பேரும்"னு எழுதுவீங்க. இந்தத் தரம் "நான்"னு மட்டும் இருக்குதுங்க. இருமலைப் பற்றியும் ஒண்ணும் எழுதலை. ரெண்டு பேருக்குள்ள ஏதாச்சும் மனஸ்தாபமுங்களா? அப்படி இருந்தா ஒளிக்காதீங்க. நான் இருக்கேன்.

அம்மா மாட்டுப் பொங்கலன்னிக்குத் தானாவே கேட்டாங்க: "உரக் கம்பெனியில இருந்து கடிதம் வருதாடா?" வருதும்மான்னேன். "நல்லா இருக்கறாங்களாமா?"ன்னாங்க. நல்லா இருக்கறாங்களாம்னேன். அப்புறம் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாங்க.

வெள்ளியங்கிரி


கணபதி
24.3.1996

அன்புத் தம்பிக்கு,

சுகமா இருக்கேன். உன் மகள் பிறந்த செய்தி ரசாக் கார்டு போட்டுச் சொன்னார். மாசாணிக்குப் பால் ஊறுதா? குழந்தைக்குச் சட்டை அனுப்பியிருக்கேன்.

மனஸ்தாபம் ஒண்ணும் இல்லை. எங்களுக்குள்ள ஒரு நாளும் இருந்ததில்லை.

அருங்காட்சியகம் திறந்தாச்சு. சனிக்கிழமை தோறும் நான் போய், தேஞ்சு போன கேசட்டை மாத்தி, ஹெட்போன் பஞ்சைத் துவைச்சுப் போட்டுட்டு வரேன். கவுண்டரில் சித்திகான்னு ஒரு பொண்ணு இருக்கு, அது பேட்டரியைப் பார்த்துக்குது.

வேலை முடிஞ்சதும் ரெண்டாவது அறை பெஞ்சில் கொஞ்ச நேரம் உக்காருவேன். இருபது பேர் இருந்தாலும் அங்கே சத்தமே இருக்காது. ஆளுக்கொரு பக்கம் காதை மூடிக்கிட்டு நடக்கறாங்க. போன வாரம் ஒரு அம்மா நூல் சுத்தற சட்டத்துக்கு முன்னால நின்னு சிரிச்சாங்க. அந்த இடத்தில் நான் ஒரு வேடிக்கை சொல்லியிருப்பேன், அதுக்குத்தான். அவங்க முகத்தையே பார்த்துட்டிருந்தேன். அடுத்த மணி அடிச்சதும் நேரா என்கிட்ட வந்தாங்க. "கொஞ்சம் தள்ளிக்கறீங்களா, பெஞ்சுக்குப் பின்னால இருக்கற படத்தைப் பார்க்கச் சொல்றாங்க"ன்னாங்க. எந்திரிச்சு வழி விட்டேன்.

நான் சொன்னதுன்னு சொல்லியிருக்கலாம். எதுக்குன்னு விட்டுட்டேன்.

அன்புடன்
புவனா


ஆனைமலை
30.5.1996

அக்காவுக்கு,

எப்படி இருக்கீங்கன்னு கேட்கறதுக்கு எனக்கு வாய் வரலைங்க. நடந்ததை அப்படியே எழுதறேன்.

செவ்வாய்க்கிழமை அம்மாவைக் கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தேன். சொட்டு மருந்து விட்டாங்க, சாயங்காலம் வரைக்கும் மங்கலாத்தான் தெரியும்னாங்க. வெயிலுக்கு ஒதுங்கலாம்னு சொல்லி ஆட்டோவில் அந்தப் பங்களாவுக்குக் கூட்டிப் போனேன். என்ன இடம்னு சொல்லலை.

"எனக்குத்தான் ஒண்ணும் தெரியலையே, இங்கே எதுக்குடா?"ன்னாங்க.

"காதுல கேட்டாப் போதும்மா"ன்னேன்.

சித்திகா அம்மா காதில் ஹெட்போனை வெச்சுவிட்டுச்சு. நான் பொத்தானை அமுக்கினேன். நீங்க வாய் திறந்ததுமே அம்மா முகம் மாறிப் போச்சு. கழட்டி வீசிருவாங்கன்னு பயந்தேன். வீசலை. ஒரு கையால் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. மணி அடிக்க அடிக்க நான் நிறுத்தி, கையைப் பிடிச்சு அடுத்த இடத்துக்குக் கூட்டிப் போனேன். எதையும் பார்க்கலை. தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டே வந்தாங்க. ஒரு இடத்தில் சிரிச்ச மாதிரிகூட இருந்துச்சு.

நாலாவது அறையில் பாதியிலேயே கழட்டிட்டாங்க.

"வெள்ளியங்கிரி, இவளுக்கு என்னாச்சு?"

"என்னம்மா?"

"மூணு ரூம் வரைக்கும் எதிர்த்தாப்ல ஆள் உக்காந்திருக்கறாப்ல பேசறா. இதுல ஆள் இல்லை. வெறும் ஊட்ல பேசறா."

அப்படியெல்லாம் இல்லம்மா, நீங்களா நெனச்சுக்கறீங்கன்னு சொன்னேன். கேட்கலை. "போய் யாரையாச்சும் கேளு. நான் இங்கேயே நிக்கறேன்"ன்னாங்க.

சித்திகாகிட்ட போய், இதில் பேசறவங்க எப்படி இருக்காங்கன்னு கேட்டேன். "புவனாக்காவா? பாவம்ங்க. பாதி வேலையில ஊட்டுக்காரர் தவறிட்டாருங்களே. தீபாவளி முடிஞ்ச வாரம். மீதியை அவங்க ஒருத்தரே பேசிப் பதிவு பண்ணிக் கொண்டாந்தாங்க"ன்னுச்சு.

நான் திரும்பி வந்ததும், முகம் சரியாத் தெரியாததால அம்மா என் கையைத்தான் தொட்டுப் பார்த்தாங்க. சொன்னேன். ஹெட்போனை மறுபடி மாட்டிக்கிட்டு மீதி ரெண்டு அறையையும் தோட்டத்தையும் முழுக்கக் கேட்டாங்க. தோட்டத்தில் வெயில்லயே நின்னாங்க.

ஏழு மாசமுங்க அக்கா. எனக்குக் கூடவா சொல்லக்கூடாது? மாமா போனது தெரியாம, அவருக்கு இருமல் நின்னுதான்னு நான் எழுதிட்டிருந்திருக்கேன்.

வெள்ளியங்கிரி


கணபதி
14.7.1996

அன்புத் தம்பிக்கு,

குழந்தை கவிழ்ந்துட்டாளா? எல்லாரும் நலம்தானே?

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உக்காந்து, பல தரம் எந்திரிச்சுட்டேன். அன்னிக்குக் காலையில் கடையில் நெஞ்சு வலிக்குதுன்னிருக்கார். பக்கத்துப் பட்டறைக்காரங்க ஆட்டோவில் ஏத்தினாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுது. நான் போனப்ப அவர் கையில் ஈயம் பட்ட கறைகூட அப்படியே இருந்துச்சு. அவங்க அண்ணனும் சர்ச் ஆளுங்களும் அடக்கத்துக்கு எல்லாம் பார்த்தாங்க. ஒருத்தர் வந்து, "உங்க ஊட்ல இருந்து யாரும் வரலீங்களா?"ன்னு கேட்டார். "ரொம்ப தூரமுங்க"ன்னேன். ரெண்டு மணி நேர பஸ்தான். அவர் தலையை ஆட்டிட்டுப் போயிட்டார்.

உனக்கு ஏன் சொல்லலைன்னா, சொன்னா நீ வருவே. அம்மாவும் ஒருவேளை வந்திருப்பாங்க. அவர் இருந்த ஆறு வருசமும் இந்த ஊட்டுப் படியேறாதவங்க, அவர் செத்த பிறகு வந்து என்னைக் கட்டிப் பிடிச்சு அழறதை என்னால பார்க்க முடியாது. அவர் இல்லாமப் போனதுதான் உங்களுக்கு வசதின்னு ஆயிரும். அது அவருக்கு நான் செய்யற துரோகம்.

மீதி அறைகளை வேற யாரையாச்சும் வெச்சுப் பேசச் சொல்லுங்கன்னு அழகிரிசாமிகிட்ட சொல்ல நெனச்சேன். பிறகு நானே பண்ணினேன். கரண்ட் போனதும் வழக்கம் போல உக்காந்தேன். எதிரே ஸ்டூல் இருந்துச்சு. அதைப் பார்த்துத்தான் பேசினேன். நல்லா இருக்கா இல்லையான்னு சொல்ல ஆளில்லாததால ஒவ்வொரு வரியையும் எத்தனையோ தரம் பேசிப் பதிவு பண்ணினேன். அழகிரிசாமிக்கும் வித்தியாசம் தெரியலை, வரவங்களுக்கும் தெரியலை. யாருக்கும் தெரியாதுன்னுதான் இருந்தேன்.

நீ தனியா எப்ப வேணா வா. அம்மா வர வேண்டாம். இதை அப்படியே அவங்ககிட்ட சொல்லிரு.

புவனா


ஆனைமலை
18.8.1996

அன்பான அக்காவுக்கு,

சாப்பிடறீங்களா, தூங்கறீங்களா? அதை மட்டும் எழுதுங்க. இங்கே பாப்பா நல்லா இருக்கறா.

உங்க கடிதத்தை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். வர வேண்டாம்ங்கற இடத்தையும் விடாமப் படிச்சேன். "ஊட்டுக்குத்தான வர வேண்டாம்னு சொல்லியிருக்கறா"ன்னாங்க.

அந்த வாரமே வியாழக்கிழமை காலையில் குளிச்சு, சேலை மாத்திக் கிளம்பிட்டாங்க. எங்கம்மான்னா, "மில்லு பங்களாவுக்கு." துணைக்கு வாரேன்னதுக்கு வேண்டாம்னுட்டாங்க. சாயங்காலம் பொள்ளாச்சி பஸ்ஸில் திரும்பி வந்தாங்க. அடுத்த வியாழனும் போனாங்க, அதுக்கடுத்ததும் போனாங்க. என்ன பண்றாங்கன்னு கேட்டா, "கேட்டுட்டு வாரேன்"ங்கறாங்க. நீங்க சனிக்கிழமைதான் போவீங்கங்கறது அவங்களுக்குத் தெரியும், நான்தான் சொன்னேன்.

உங்களுக்குத் தெரியாம நடக்கக் கூடாதுன்னு எழுதறேன்.

வெள்ளியங்கிரி


கணபதி
15.9.1996

அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கு ஒண்ணுமில்லை. தூக்கம் முன்னைக்கு இப்போ பரவாயில்லை. பாப்பாவுக்குப் பேர் வெச்சாச்சான்னு எழுதவே இல்லையே நீ.

போன வியாழக்கிழமை நான் போனேன். திட்டிட்டு வரணும்னுதான் போனேன். நாலாவது அறையில் அம்மா இருந்தாங்க. முடி எல்லாம் நரைச்சிருக்கு, நீ சொல்லவே இல்லை. நான் பக்கத்தில் போய் நின்னும் தெரியலை, என் குரல் காதில் ஓடிட்டிருந்துச்சு. மணி அடிச்சதும் பொத்தானைத் தடவி நிறுத்தினாங்க. நிமிர்ந்து பார்த்தாங்க.

அழுவாங்கன்னு நெனச்சேன். அழலை. ஹெட்போனைக் கழட்டிக் கையில் பிடிச்சுக்கிட்டு, "இதுல அந்தப் பையன் பேசினது எங்கயாச்சும் இருக்குதா?"ன்னு கேட்டாங்க.

"இல்லம்மா. அவர் பேசினதை எல்லாம் வெட்டியாச்சு."

"நானும் வாரா வாரம் கேட்டுப் பார்க்கறேன். எங்கயும் இல்லை."

"எதுக்கு?"

"ஒரு நாள் நம்ம ஊட்டுக்கு வந்தான். நீ போனதுக்கு அடுத்த மாசம். வாசல்ல நின்னு அம்மான்னு கூப்பிட்டான். கதவைச் சாத்திப்போட்டேன். அதுக்கு மேல அவன் என்ன பேச வந்தான்னு தெரியாது."

எனக்கு இது தெரியாது தம்பி. அவர் என்கிட்ட சொன்னதே இல்லை.

வெட்டின துண்டை எல்லாம் நான் ஒரு டப்பாவில் போட்டு ஊட்டில் வெச்சிருக்கேன். வெட்டாத முழு டேப்பும் ரெண்டு இருக்கு. அவர் போன ஐப்பசிக்கு அப்புறம் போட்டுக் கேட்டதே இல்லை. அதைக் கேட்கணும்னா ஊட்டுக்குத்தான் வரணும். வாங்கன்னு சொல்ல வாய் வரலை. ஆட்டோவைக் கூப்பிட்டு ஏறி, கதவுப் பக்கமா இடம் விட்டு உக்காந்தேன். வந்து ஏறினாங்க.

ஊட்டில் பாயில்தான் உக்காந்தாங்க. காப்பி வெச்சுக் குடுத்தேன். தம்ளரைத் தொடலை, பக்கத்தில் வெச்சுட்டாங்க. டேப்பைப் போட்டேன். வெளியே லேத் ஓடிட்டிருந்துச்சு, அதனால பக்கத்தில் நகர்ந்து வந்து காதைக் கொடுத்துக் கேட்டாங்க. பெரிசா ஒண்ணும் இல்லை அதில். "ரெடி"ங்கறார். "பருத்திக்கு முன்னால கொஞ்சம் மூச்சு விட்டுக்கோ"ங்கறார். இருமறார். தண்ணி எங்கேங்கறார். நான் தப்பாச் சொன்னதுக்குச் சிரிக்கறார். நான் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

டேப் நின்ன பிறகு அம்மா சொன்னாங்க: "இவ்வளவு மெதுவாப் பேசறவனா? நான் என்னமோ அதட்டிப் பேசற ஆளுன்னு நெனச்சு வெச்சிருந்தேன், அம்மணி."

இன்னொரு தரம் போடச் சொன்னாங்க. போட்டேன்.

பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சப்ப குனிஞ்சு அந்தக் காப்பியை எடுத்தாங்க. ஆடை கட்டி ஆறிப் போயிருந்துச்சு. சூடு பண்ணித் தரேன்னேன். வேண்டாம்னுட்டு நின்ன இடத்திலேயே முழுசும் குடிச்சாங்க. அப்புறம் தம்ளரைக் கொண்டு போய்க் குழாயடியில் கழுவினாங்க. நம்ம தோட்டத்தில் வேலை செஞ்சவங்க கொல்லைப் பக்கம் உக்காந்து குடிச்சுட்டு அவங்கவங்க தம்ளரைக் கழுவுவாங்களே, அப்படிக் கழுவிக் கவுத்து வெச்சாங்க. வைங்கம்மா, நான் கழுவிக்கறேன்னு சொல்ல வந்தேன். சொல்லலை.

பார்த்துக்கிட்டே நின்னேன்.

அக்கா
புவனா